எல்லாக் கட்டத்திலும் இரண்டு

சில வருடங்களுக்கு முன்பு ஒரு நேர்காணலில் தேர்வுக் குழுவில் ஒருவனாக உட்கார்ந்தேன். அதுவரை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தே பழக்கம். இந்தப் பக்கம் அதுதான் முதல் தடவை. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் என்று எங்களிடம் கொடுத்திருந்தார்கள். அதில் ஐந்து கட்டங்கள்: துறை அறிவு, சிக்கலை அணுகும் விதம், பேச்சில் தெளிவு, பிறரோடு ஒத்துப்போகும் குணம், பொறுப்புணர்வு. ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்துக்கு எத்தனை என்று எண் போட வேண்டும்.

நான்காவதாக வந்த இளைஞர் மழையில் நனைந்திருந்தார். கதவைத் திறந்தவர் வாசலிலேயே ஒரு கணம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியை இழுக்கும்போது கையிலிருந்த கோப்பு நழுவி, தாள்கள் தரையெங்கும் சிதறின. பொறுக்கி அடுக்கிவிட்டு நிமிர்ந்தவருக்கு எங்களில் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை, மேஜையைப் பார்த்தார். முதல் கேள்விக்குப் பதில் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொன்னார். அதற்குள் நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

மாலையில் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் இருந்த மூத்த அலுவலர், இந்த வேலையில் பல வருட அனுபவம் உள்ளவர், என் தாளை எடுத்துப் பார்த்தார்.

"ஏங்க, அந்த நாலாவது பையனுக்கு எல்லாக் கட்டத்துலயும் ரெண்டு போட்டிருக்கீங்க. பொறுப்புணர்வுக்கும் ரெண்டு. அதைப் பத்தி நாம ஒரு கேள்விகூடக் கேக்கலையே?"

எனக்குப் பதில் வரவில்லை. காலையில் இரண்டாவதாக வந்த பெண்ணின் தாளைத் தேடி எடுத்தேன். சிரித்த முகத்தோடு உள்ளே வந்து, வணக்கம் சொல்லி, நிமிர்ந்து உட்கார்ந்து, தடங்கல் இல்லாமல் பேசியவர். அவருடைய தாளில் எல்லாக் கட்டத்திலும் நான்கு. அவரிடமும் பொறுப்பைப் பற்றி எதுவும் கேட்டிருக்கவில்லை.

அந்த இரண்டு தாள்களும் என்னை வெகுநாள் தூங்கவிடவில்லை. ஐந்து விஷயங்களை அளந்தேன் என்று நினைத்தேன். அளந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று, ஆள் உள்ளே வந்த முதல் ஒரு நிமிடத்தில் எனக்குள் எழுந்த பிடித்தமோ பிடிக்காமையோதான். மற்றதெல்லாம் அதை ஐந்து தடவை நகல் எடுத்தது.

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது, நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் இதே தாளைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் உள்ளவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, நடத்தை ஆகியவற்றுக்குத் தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்களை அவர் ஆராய்ந்து 1920இல் எழுதினார். உடல்வாகும் அறிவும் வேறு வேறு விஷயங்கள். ஆனால் ஒன்றில் கூடுதல் வாங்கியவர் பெரும்பாலும் எல்லாவற்றிலும் கூடுதல் வாங்கியிருந்தார். ஒன்றில் குறைந்தவர் பெரும்பாலும் எல்லாவற்றிலும் குறைந்திருந்தார். இயல்பாக இருக்கக்கூடியதைவிட அந்தப் பொருத்தம் மிக அதிகம். ஒளிவட்டம் என்று அதற்கு அவர் பெயர் வைத்தார். தலையைச் சுற்றி ஒளி வந்துவிட்டால் கை, கால், முதுகு எல்லாமே பளிச்சென்று தெரியும். ஒளி இல்லாமல் போனால் எல்லாமே மங்கல்.

சரி, தவறான மதிப்பெண் என்றால் திருத்திவிடலாம். என்னை அதைவிட அதிகமாக உறுத்தியது வேறு. நான் கேட்ட கேள்விகளை நினைவுபடுத்திப் பார்த்தேன். அந்தப் பெண்ணிடம், "இந்தத் திட்டத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த பகுதி எது?" என்று கேட்டேன். அந்த இளைஞரிடம், "இதை ஏன் பாதியில் விட்டீர்கள்?" ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, இன்னொருவருக்குச் சுவரைக் காட்டியிருக்கிறேன். அவர் திணறினார். திணறல் என் முடிவுக்குச் சாட்சி ஆனது.

மார்க் ஸ்னைடர், எலிசபெத் டாங்க், எல்லன் பெர்ஷெய்டு என்ற மூவர் 1977இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. முன்பின் அறியாத ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தொலைபேசியில் பேச வேண்டும். பேசும் முன் ஆணிடம் ஒரு புகைப்படம் தரப்படும். அது உண்மையில் அந்தப் பெண்ணுடையது கிடையாது. சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அவ்வளவு அழகில்லாத முகம். பெண்ணுக்கோ அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது. பிறகு பெண்ணின் குரலை மட்டும் தனியே பிரித்து, எதுவும் அறியாத வேறு சிலரிடம் போட்டுக் காட்டினார்கள். அழகானவர் என்று எதிர்முனையில் இருந்தவர் நம்பிக்கொண்டிருந்த பெண்கள், கேட்டவர்களின் காதுக்கும் அதிக நட்போடும் கலகலப்போடும் பேசியதாகத் தெரிந்தார்கள். அவர்களை அப்படிப் பேச வைத்தது எதிர்முனையில் இருந்த குரலின் கனிவு. எதிர்பார்த்தது கிடைத்தது, "பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான்" என்று அந்த ஆண் நினைத்திருப்பார். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன்.

'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று காலம் காலமாகச் சொல்கிறோம். கோணியது எதிரில் இருப்பவரா, நம் பார்வையா என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

முகத்தைப் பார்த்து முடிவு கட்டுவதற்கு நமக்கு எவ்வளவு நேரம் தேவை? ஜனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் இருவரும் 2006இல் இதை அளந்தார்கள். அறிமுகமில்லாத முகங்களைத் திரையில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டி, நம்பத் தகுந்தவரா, திறமையானவரா, முரட்டு ஆளா என்று கேட்டார்கள். அவ்வளவு குறைந்த நேரத்தில் வந்த பதில்கள், வேண்டுமளவு நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தவர்களின் பதில்களோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. நேரத்தைக் கூட்டியபோது கூடியது முக்கியமாக ஒன்றுதான்: தன் முடிவின் மேல் இருந்த உறுதி. இதை மட்டும் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டுகிறேன். இன்னும் சற்று நேரம் பார்த்தால் நியாயமாகப் பார்ப்போம் என்று நினைக்கிறோம். பல நேரங்களில், ஏற்கெனவே பார்த்ததையே இன்னும் திடமாகப் பார்க்கிறோம்.

இவ்வளவு வேகமாக ஒருவரை எடை போடுகிறவர்கள், அவரை ஒழுங்காகப் பார்க்கவாவது செய்கிறோமா? டேனியல் சைமன்ஸ், டேனியல் லெவின் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் கையில் வரைபடத்தோடு, நடந்துபோகிறவர்களை நிறுத்தி வழி கேட்பார். அவர்கள் வழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு பேர் ஒரு பெரிய கதவுப் பலகையைத் தூக்கிக்கொண்டு இருவருக்கும் நடுவே புகுந்து போவார்கள். அந்தச் சில நொடிகளில் வழி கேட்டவர் கதவோடு போய்விடுவார். கதவைத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் அவர் இடத்தில் நின்று உரையாடலைத் தொடர்வார். ஆள் வேறு, குரல் வேறு, உயரம் வேறு, உடை வேறு. வழி சொன்ன 15 பேரில் 8 பேர் ஆள் மாறியதைக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் பாட்டுக்கு வழி சொல்லி முடித்தார்கள்.

கண்டுபிடித்த 7 பேர் யார்? ஆய்வு செய்தவர்களின் வயதை ஒட்டிய இளைஞர்கள். தவறவிட்டவர்கள் வயதில் மூத்தவர்கள். அதனால் ஆய்வாளர்கள் இன்னொரு தடவை செய்து பார்த்தார்கள். இம்முறை வழி கேட்பவர்கள் கட்டுமானத் தொழிலாளிகளின் உடையில் வந்தார்கள். நிறுத்தியது அதே இளைஞர் கூட்டத்தை மட்டும். 12 பேரில் 4 பேர்தான் மாற்றத்தைக் கண்டுகொண்டார்கள். கண்டுகொள்ளாதவர்களில் ஒரு பெண் பிறகு சொன்னது, தான் பார்த்தது 'ஒரு கட்டுமானத் தொழிலாளி'யைத்தான் என்ற பொருளில் இருந்தது. தொழிலாளி போய்த் தொழிலாளி வந்தால் என்ன மாறிவிட்டது? உடை ஒரு பெட்டியைத் திறந்தது, ஆளைத் தூக்கி அதில் போட்டாயிற்று, அப்புறம் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

அந்த நனைந்த இளைஞருக்குப் பதிலாக, நடுவில் வேறு ஒருவரை அதே ஈரச் சட்டையோடு உட்கார வைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்றுதான் மனசாட்சியோடு சொல்ல முடியும். 'தயாராகாமல் வந்தவர்' என்ற பெட்டி மூடிவிட்டது. என் கண் தாளில் இருந்தது.

தமிழில் எனக்கு மிகவும் பிடித்த சொற்களில் ஒன்று 'கவனி'. "பாடத்தைக் கவனி" என்றால் மனதை அதில் வை என்று அர்த்தம். "அம்மாவைக் கவனித்துக்கொள்" என்றால் பேணிப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். உற்றுப் பார்ப்பதற்கும் அக்கறை காட்டுவதற்கும் ஒரே சொல். அப்புறம், கவனத்தை நாம் கொடுக்கல் வாங்கலாகவே பேசுகிறோம்: காது கொடுத்துக் கேட்டார், முகம் கொடுத்துப் பேசினார். முகம் கொடுத்துப் பேசாதவரை நாம் எளிதில் மன்னிப்பதில்லை. அவர் என்ன பேசினார் என்பது மறந்துபோன பிறகும் அது நினைவில் நிற்கிறது.

நம்மை ஒருவர் தன் விருப்பத்துக்கு இணங்க வைப்பதும் பெரும்பாலும் இந்தக் கவனம் ஓய்ந்திருக்கும் இடத்தில்தான் நடக்கிறது. எல்லன் லாங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1978இல் வெளியிட்ட சோதனை ஒன்று: நகல் எடுக்கும் இயந்திரத்தின் முன் நிற்பவரிடம், "என்னிடம் ஐந்து பக்கம் இருக்கிறது, நான் முதலில் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்கள். 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். "அவசரமாக இருக்கிறது" என்று காரணம் சேர்த்துக் கேட்டபோது 94 சதவீதம். "நகல் எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்" என்று கேட்டபோது 93 சதவீதம். அந்த மூன்றாவது கேள்வியில் காரணமே கிடையாது. இயந்திரத்தின் முன் வருகிற எல்லோரும் நகல் எடுக்கத்தான் வருகிறார்கள். ஆனால் வாக்கியத்தில் 'அதனால்' என்ற ஓசை இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமான விஷயம், ஏனென்றால் மீதிப் பாதியில்தான் நமக்கு நம்பிக்கை தருவது இருக்கிறது. ஐந்து பக்கத்தை 20 பக்கம் ஆக்கிக் கேட்டபோது, காரணம் இல்லாமல் கேட்டவருக்கும் வெற்றுக் காரணத்தோடு கேட்டவருக்கும் ஒரே அளவுதான், 24 சதவீதம். உண்மையான அவசரத்தைச் சொன்னவருக்கு 42. அதாவது, விட்டுக்கொடுப்பது கொஞ்சம் கனமானதாக ஆனதும் மனம் விழித்துக்கொண்டு, "என்ன காரணம் சொன்னார்?" என்று கேட்கிறது. நாம் ஏமாளிகளாகப் பிறக்கவில்லை. சின்ன விஷயங்களில் அசதியாக இருக்கிறோம், அவ்வளவுதான். 'சரி' என்பது வாயை விட்டு வெளியே வந்த பிறகு எதற்குச் சரி சொன்னோம் என்று யோசிக்கிற அனுபவம் எல்லோருக்கும் உண்டு. எனக்கு நிறைய உண்டு. இப்போது யாராவது கேட்டால், அவர் சொன்ன காரணத்தை மனதுக்குள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். பாதி நேரம் அங்கே காரணம் இருக்காது.

ஆளைப் பார்க்கும் முன்பே காதில் விழுகிற ஒரு வார்த்தையும் இதே வேலையைச் செய்யும். ஹரால்டு கெல்லி 1950இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வகுப்புக்குப் புதிதாக வரும் விரிவுரையாளரைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு கொடுக்கப்பட்டது. எல்லாம் ஒரே மாதிரி. ஓரிடத்தில் மட்டும் பாதிப் பேருக்கு 'கனிவானவர்' என்றும் மீதிப் பேருக்குக் 'கொஞ்சம் ஒட்டாதவர்' என்றும் இருந்தது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மனிதர் பேசியதைக் கேட்டவர்கள், இரண்டு வேறு மனிதர்களைப் பற்றி எழுதுவது போல எழுதினார்கள். ஒட்டாதவர் என்று படித்தவர்களில் விவாதத்தில் பேசியவர்களும் குறைவு. அதனால்தான் இப்போது புதிதாக ஒருவரைச் சந்திக்கப் போகும்போது "ஆள் எப்படி?" என்று முன்கூட்டியே விசாரிப்பதை விட்டுவிட்டேன். யாராவது தாமாகச் சொல்ல வந்தால், "பார்த்துட்டு வந்து கேக்கறேன்" என்கிறேன்.

இதுவரை எடை போடுகிறவனின் பக்கத்திலிருந்து பேசினேன். எடை போடப்படுகிறவரின் பக்கம் ஒன்று இருக்கிறது. தாள்கள் சிதறிய அந்த நொடியில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஒரு வாரம் கழித்து அந்த மூத்த அலுவலரிடம் அதைப் பற்றிப் பேசினேன். "தாள் விழுந்துச்சா? எப்போ?" என்றார். அவர் எனக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவர். தாள் விழுந்த நேரத்தில் அவர் விண்ணப்பத்தைப் படித்துக்கொண்டிருந்தாராம்.

தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதுதான். அணிய வெட்கப்படும்படியான ஒரு பனியனைப் போடச் சொல்லி ஒரு மாணவரை, மற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். "எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?" என்று பிறகு கேட்டால், கிட்டத்தட்டப் பாதிப் பேர் என்றார்கள் போட்டுக்கொண்டு போனவர்கள். உண்மையில் கவனித்தது நான்கில் ஒரு பங்கு. மேடையில் விளக்கு நம்மேல் மட்டும் விழுவதாக எப்போதும் ஒரு நினைப்பு. கிலோவிச்சும் கென்னத் சவிட்ஸ்கியும் 2003இல் இதையே மேடைப் பேச்சுக்குக் கொண்டுபோனார்கள். "உங்கள் படபடப்பு நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது" என்று முன்கூட்டியே விளக்கிச் சொல்லப்பட்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே சொன்னார்கள். ஒரு தகவல், அவ்வளவுதான். அது ஒரு மனிதரின் தோளிலிருந்து எவ்வளவு பாரத்தை இறக்கிவிடுகிறது பாருங்கள்.

இதற்கு நேர் எதிராக, பாரத்தை ஏற்றிவிடுகிற ஒரு தகவல் பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் உலவுகிறது. நாம் சொல்வதில் சொற்களுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று. இதைக் கேட்டுப் பயந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையை எங்கே வைப்பது, காலை எப்படி மடக்குவது என்ற கவலையில், சொல்ல வந்ததை மறந்தவர்கள். ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் சொல்ல வைத்தார்கள். சொல்லும் தொனியும் முகபாவமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருக்கும்போது, பேசுகிறவரின் பிடித்தம் எந்தப் பக்கம் என்று எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதே அங்கே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். சொற்களுக்கு 7 சதவீதம்தான் என்றால், மொழி தெரியாத நாட்டில் யார் பேசினாலும் நமக்கு ஏறக்குறைய எல்லாமே புரிந்துவிட வேண்டுமே. தயவுசெய்து இனி யாரையும் இதைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்.

முதல் பார்வையை அடக்கிவிட முடியாது என்றால், நியாயமாக நடக்க வழி உண்டா? உளவியலாளர் டேனியல் கானமனுக்கு இளம் வயதில் இந்த வேலை வந்தது. 1950களில் இஸ்ரேல் ராணுவத்தில் 21 வயது அதிகாரியாக இருந்தபோது, புதிதாகச் சேர்பவர்களை நேர்காணும் முறையைத் திருத்தி அமைக்கச் சொன்னார்கள். ஆறு குணங்களைப் பட்டியலிட்டார். ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றிய கேள்விகள் மட்டும். ஒன்றுக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒளிவட்டம் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கசியாமல் அணை கட்டினார். நேர்காணல் செய்பவர்கள் கொதித்தார்கள்: எங்களை இயந்திரமாக்கிவிட்டீர்களே என்று. அவர்களுக்காக, கடைசியில் ஒன்றைச் சேர்த்தார். ஆறும் முடிந்த பிறகு கண்ணை மூடி, அந்த ஆளை ராணுவ வீரராகக் கற்பனை செய்து, ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். பிறகு சரிபார்த்தபோது, கண்ணை மூடிப் போட்ட அந்த மதிப்பெண் ஆறின் கூட்டுத்தொகைக்குச் சமமாகப் பலித்தது.

இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். உள்ளுணர்வை அவர் விரட்டவில்லை, காக்க வைத்தார். ஆளை முழுசாகக் கவனித்துவிட்டு வா, அப்புறம் உன் பேச்சைக் கேட்கிறேன் என்றார். என்னால் முடிந்த அளவில் அதைப் பின்பற்றுகிறேன். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. முதல் ஐந்து நிமிடம் பேனா மூடியே இருக்கும்.

அந்த இளைஞருக்கு மற்றவர்கள் போட்ட மதிப்பெண் அவரை அடுத்த சுற்றுக்கு அனுப்பியது. வேலைக்கும் சேர்ந்தார். இரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு வேலையில் நாங்கள் இருவரும் ஒரே குழுவில். ஒரு நாள் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பின், அந்த ஐந்து இரண்டுகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தாள் விழுந்ததை நினைச்சு நினைச்சு ஒரு வாரம் தூங்கல சார். ஆனா உங்களைப் பத்தி எனக்கு ஞாபகம் இருக்கறது ஒண்ணுதான். நீங்க எழுதிட்டே இருந்தீங்க. உங்க உச்சந்தலையைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்."

அன்று மழையில் எங்கிருந்து நடந்து வந்தார் என்று அப்போதுதான் முதல் தடவையாக அவரிடம் கேட்டேன்.